கொலையாளி யார் என்று ஊருக்கே தெரியும்

போன மாதம் எங்கள் விடுதியில் ஒரு வாக்குவாதம். ரேமண்ட் சாண்ட்லரை முதன்முறையாகப் படித்து முடித்த உற்சாகத்தில் இருந்தார் நண்பர். "பணக்காரனையும் போலீஸையும் ஒரே மூச்சில் கிழித்துத் தொங்கவிடுறாரு தோழர். வணிக எழுத்துல இதைவிட முற்போக்கா என்ன இருக்கு?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நம்புவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1920களில் அமெரிக்காவில் மட்டமான தாளில் அச்சாகி, சில்லறைக் காசுக்கு விற்ற கதை இதழ்களுக்குப் 'பல்ப்' இதழ்கள் என்று பெயர். அவற்றில் புகழ்பெற்றது 1920இல் தொடங்கிய 'பிளாக் மாஸ்க்'. டாஷியல் ஹாம்மெட்டும் சாண்ட்லரும் அங்கேதான் வளர்ந்தார்கள். பொழுதுபோகாத பிரபு துப்பறிகிற ஆங்கிலேயப் பாணியைத் தள்ளிவிட்டு, கூலிக்கு வேலை செய்கிற, அடிவாங்குகிற, ஆனால் விலைபோகாத துப்பறிவாளரை அவர்கள் உருவாக்கினார்கள். அழுகிப்போன நகரத்தில் ஒற்றை நேர்மையாளன். இந்தப் படிமத்தில்தான் நாம் மயங்குகிறோம்.

அந்த நேர்மையாளனின் பிறப்புச் சான்றிதழைக் கொஞ்சம் பார்ப்போம். 1923 ஜூன் 1 தேதியிட்ட 'பிளாக் மாஸ்க்' ஒரு சிறப்பிதழ். எதைப் பற்றி? கூ க்ளக்ஸ் கிளான் பற்றி. வெள்ளை மேலாதிக்க வெறிக் கும்பலான கிளானில் அப்போது லட்சக்கணக்கானோர் சேர்ந்திருந்தார்கள். இதழோ தன்னை நடுநிலை என்று அறிவித்துக்கொண்டு கிளானைக் கதைப்பொருளாக்கியது. அடுத்தடுத்த இதழ்களிலும் ஆதரவு, எதிர்ப்பு இரண்டுக்கும் இடம் ஒதுக்கி விவாதம் நடத்தியது. இந்தப் புதுவகைத் துப்பறிவாளர்களில் முன்னோடியான ரேஸ் வில்லியம்ஸ் அறிமுகமானது அந்தச் சிறப்பிதழில்தான். எழுதியவர் கரோல் ஜான் டேலி.

"அந்தக் கதையில் அவன் கிளானை எதிர்த்துத்தானே சண்டை போடுகிறான்?" என்று கேட்பீர்கள். ஆமாம், எதிர்க்கிறான். கூலி வாங்கிக்கொண்டு எதிர்க்கிறான், தன் துப்பாக்கியின் திறமையைக் காட்ட எதிர்க்கிறான். கறுப்பர்களின் உரிமைக்காக எதிர்க்கவில்லை. கும்பல் படுகொலையைத் தடுக்கக் கொண்டுவரப்பட்ட டையர் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும், 1922 டிசம்பரில் செனட்டில் தென்மாநிலத்தவர் பேசியே அதைச் சாகடித்தார்கள். அதற்கு ஆறு மாதம் கழித்துத்தான் இந்தச் சிறப்பிதழ். கொல்பவனுக்கும் கொல்லப்படுபவனுக்கும் நடுவில் நின்று இரு தரப்பையும் கேட்போம் என்பது எந்தக் காலத்திலும் நடுநிலை ஆகாது. சாதி ஆணவக் கொலைக்குத் தொலைக்காட்சியில் இரு தரப்பு விவாதம் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் என் குற்றச்சாட்டு ஓர் இதழோடு முடியவில்லை. அந்த இலக்கிய வடிவத்தின் மீதே எனக்குக் கேள்வி உண்டு.

துப்பறியும் கதை நிற்பது ஒரே கேள்வியின் மேல்: யார் செய்தது? அந்தக் கேள்வி சுவைக்க வேண்டுமானால் கொலையாளி மறைந்திருக்க வேண்டும். உண்மை வெளிவந்துவிட்டால் நீதியும் வந்துவிடும் என்று வாசகர் நம்பவும் வேண்டும். அன்றைய அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு நடந்த கொலைகளில் இந்த இரண்டுமே கிடையாது. 1877 முதல் 1950 வரை நாலாயிரத்துக்கும் அதிகமான கறுப்பர்கள் கும்பல்களால் கொல்லப்பட்டிருக்கிறார்கள். பல கொலைகள் பட்டப்பகலில், குடும்பத்தோடு வந்து வேடிக்கை பார்த்த கூட்டத்தின் முன் நடந்தவை. கொன்றவர்கள் சடலத்தின் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அவை தபால் அட்டைகளாக விற்றன. அதற்குப் பிறகு நடந்த பிண விசாரணைகளில் வழக்கமாக எழுதப்பட்ட தீர்ப்பு, 'அடையாளம் தெரியாத நபர்களால் மரணம்' என்பது.

இங்கே துப்பறிய என்ன இருக்கிறது? தெரிந்ததைத் தெரியாததாக்குவதற்கு ஓர் ஊரும், ஒரு நீதிமன்றமும், ஓர் அரசும் சேர்ந்து உழைக்கின்றன. கீழ்வெண்மணி வழக்கின் முடிவை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நண்பர் கொண்டாடிய சாண்ட்லருக்கு வருவோம். 1940இல் வந்த 'ஃபேர்வெல், மை லவ்லி' நாவல் லாஸ் ஏஞ்சலீஸின் கறுப்பர் பகுதியில் தொடங்குகிறது. சிறையிலிருந்து வந்த மூஸ் மலாய் என்ற வெள்ளையன் தன் பழைய காதலி வெல்மாவைத் தேடி ஒரு மதுக்கூடத்துக்குள் நுழைகிறான். அவன் உள்ளே போனபோது வெள்ளையர் கூடமாக இருந்த இடம் இப்போது கறுப்பர்களுடையது. அங்கே இருந்த கறுப்பின மேலாளரின் கழுத்தை முறித்துக் கொன்றுவிட்டுப் போய்விடுகிறான். விசாரிக்க வரும் போலீஸ்காரருக்குச் சலிப்புத்தான். செத்தது கறுப்பர் என்றால் பத்திரிகையில் படமும் வராது, நாலு வரியும் வராது என்பது அவர் புலம்பல்.

"போலீஸின் இனவெறியைத்தானே சாண்ட்லர் அம்பலப்படுத்துகிறார்?" என்றார் நண்பர். நியாயமான வாதம்தான். அந்தப் புலம்பலில் கிண்டல் இருப்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு நாவல் என்ன செய்கிறது? அந்தப் போலீஸ்காரர் செய்ததையே செய்கிறது. கதை வெல்மாவைத் தேடிக்கொண்டு வெள்ளையர்களின் பங்களாக்களுக்குப் போய்விடுகிறது. செத்தவருக்கு மனைவி உண்டா, பிள்ளை உண்டா, யார் அழுதார்கள், எங்கே புதைத்தார்கள்? நேர்மையாளன் பிலிப் மார்லோவின் மனசாட்சியை இந்தக் கேள்விகள் உறுத்தவில்லை. ஒரு கறுப்பரின் சாவு இங்கே கதையைத் திறக்கும் கதவு. உள்ளே போனதும் கதவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஹாம்மெட்டின் கதை வேறு, அதனால் இன்னும் சிக்கலானது. பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். தொழிலாளர் போராட்டங்களை உடைக்க முதலாளிகள் கூலிக்கு அமர்த்திய நிறுவனம் அது. அந்த அனுபவம் 1929இல் நூலான 'ரெட் ஹார்வெஸ்ட்'டில் தெரிகிறது. வேலைநிறுத்தத்தை உடைக்க ரவுடிகளை இறக்கிய சுரங்க முதலாளியின் நகரம் அந்த ரவுடிகளின் கைக்கே போய்விடுகிறது. வர்க்கத்தை இவ்வளவு தெளிவாகப் பார்த்த அதே பேனா 1925இல் 'டெட் யெல்லோ விமன்' என்ற தலைப்பில் சீனர்களை மர்மமும் சூழ்ச்சியுமாகச் சித்திரித்தது. வர்க்கத்தைப் பார்த்த கண்ணுக்கு இனம் மட்டும் தெரியவில்லை. நம்மூரில் சாதி விஷயத்தில் பல தோழர்களுக்கு இருக்கும் அதே பார்வைக் கோளாறு.

ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கறுப்பர்களின் வழக்குகளுக்காகப் போராடிய சிவில் ரைட்ஸ் காங்கிரஸோடு சேர்ந்து உழைத்தார். அதன் ஜாமீன் நிதிக்குப் பணம் கொடுத்தவர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்து 1951இல் சிறைக்குப் போனார். அந்த மனிதர் தன் கதைகளைவிட வெகுதூரம் நடந்திருக்கிறார். அவர் எழுதி வளர்த்த வடிவம் அவரோடு நடக்கவில்லை.

அந்த வடிவத்தை நகர்த்தியவர்கள் கறுப்பின எழுத்தாளர்கள். ஹார்லெம் மறுமலர்ச்சியைச் சேர்ந்த மருத்துவர் ருடால்ஃப் ஃபிஷர் 1932இலேயே 'தி கான்ஜர்-மேன் டைஸ்' எழுதிவிட்டார். செத்தவர், சந்தேகத்துக்குரியவர்கள், துப்பறிபவர் எல்லோருமே கறுப்பர்கள். அங்கே ஒரு கறுப்பரின் சாவு புத்தகம் முழுக்க விசாரிக்கத் தக்கதாகிறது. எத்தனை பட்டியல்களில் அவர் பெயரைப் பார்த்திருக்கிறீர்கள்?

செஸ்டர் ஹைம்ஸ் கொள்ளை வழக்கில் ஒஹையோ சிறையில் இருந்தபோது எழுதத் தொடங்கியவர். பிரான்ஸில் குடியேறிய பிறகு, 1957 முதல், காஃபின் எட், கிரேவ் டிகர் என்ற இரண்டு ஹார்லெம் போலீஸ்காரர்களை வைத்து வரிசையாக நாவல்கள் எழுதினார். வெள்ளையரின் சட்டத்தைச் சொந்த மக்கள்மீதே அடித்து அமல்படுத்தும் கறுப்பர்கள் அவர்கள். அந்த முரணை ஹைம்ஸ் மூடி மறைக்கவில்லை. 1969இல் வந்த 'பிளைண்ட் மேன் வித் எ பிஸ்டல்' நாவலில் வழக்குகள் அவிழ்வதே இல்லை. துப்பறிவாளர்கள் எலிகளைச் சுட்டுக்கொண்டிருக்க, பார்வையற்ற ஒருவர் சுரங்க ரயிலில் கண்டபடி சுடுகிறார். அநீதி ஊரறிந்ததாக இருக்கும்போது துப்பறிய ஒன்றுமில்லை என்று அந்த வடிவத்தை அவரே உடைத்துப் போட்டார்.

சாண்ட்லரை எரிக்கச் சொல்லவில்லை. அவரை இன்னும் படிக்கிறேன், ரசிக்கிறேன். ரசனைக்கு முற்போக்கு முத்திரை குத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். யாருடைய சாவு மர்மமாகிறது, யாருடைய சாவு வெறும் தொடக்கக் காட்சியாகிறது என்று ஒவ்வொரு கதையிலும் கேளுங்கள்.

நண்பருக்கு ஹைம்ஸின் நாவல் ஒன்றைக் கொடுத்தேன். கூடவே ஒரு வீட்டுப்பாடமும்: சாண்ட்லர் நாவலில் கழுத்து முறிந்து செத்த அந்த மேலாளரின் பெயர் என்ன? புத்தகத்தைத் திறக்காமல் சொல்ல வேண்டும். படித்து முடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவரால் சொல்ல முடியவில்லை. அவர் பெயர் மாண்ட்கோமெரி.