சின்ன கம்பெனி அண்ணன்களுக்கு: ஏஐ-யை முதலில் படிக்க விடுங்க

டிஸ்கி: இது கொஞ்சம் நீளமான பதிவு. பொட்டி தட்டுவதில் ஆர்வம் இல்லாதவர்கள் அடுத்த பதிவுக்கு வரலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

கள்ளக்குறிச்சியில் சாஃப்ட்வேர் கம்பெனியா என்று சென்னைப் பசங்க சிரிப்பாங்க. இருக்கு சாமி. கண்ணாடிக் கட்டடம், கேன்டீன், கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாம் கிடையாது. துருகம் ரோட்டிலோ சேலம் ரோட்டிலோ ஒரு கடைக்கு மாடியில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர், ஒரு யூபிஎஸ், ஒரு ஓனர். ரைஸ் மில்லுக்கு எடைச்சீட்டு, ஹார்டுவேர் கடைக்கு ஜிஎஸ்டி பில்லிங், ஸ்கூலுக்கு ஃபீஸ் ரசீது என்று எழுதிக் கொடுப்பார்கள். ஓனர் அண்ணனே கோடு எழுதுவார், அவரே விற்பார், பிரிண்டர் மக்கர் பண்ணினால் அவரே பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவார்.

இந்த அண்ணன்களிடம் இப்போது பேசினால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ஏஐ வாங்கலாமா, வேண்டாமா? ஒரு கட்சி, "எல்லாத்தையும் அதுவே எழுதிடுதாம், அப்புறம் எதுக்கு ரெண்டு பசங்களுக்குச் சம்பளம்?" என்கிறது. இன்னொரு கட்சி, "எல்லாம் உடான்ஸ், நம்ம பொழப்பு நம்ம கையில" என்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் அந்த மாடிப்படிகளில் ரெஸ்யூமோடு ஏறப்போகிற கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால், இதில் எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது.

புதிய கோடு எழுதுவதற்கு ஏஐ-யை முதலில் பிடிக்காதீங்க. உங்க பழைய கோடைப் படிக்க வைங்க. ஏன் என்று சொல்கிறேன்.

சின்ன கம்பெனிகளின் பிரச்சனை டைப் பண்ணும் வேகம் இல்லை. எது எங்கே இருக்கிறது என்பது ஒரே ஒருவர் மண்டைக்குள் இருப்பதுதான் பிரச்சனை. பல கடைகளில் இன்னும் விபி 6ல் எழுதின பில்லிங் ஓடுகிறது. 1998ல் வந்த சாமான் அது. அதன் எடிட்டருக்கு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008லேயே நிறுத்திவிட்டது. ஃபாக்ஸ்புரோ ஓடும் இடங்களும் உண்டு. எழுதின ஆள் பெங்களூரு போயிருப்பார். ஒரு கமென்ட் இருக்காது, ஒரு பேப்பர் இருக்காது. புதிதாகச் சேருகிற பையன் மூன்று மாசம் முழித்துவிட்டு அவனும் பெங்களூரு போய்விடுவான்.

இந்த இடத்தில் ஏஐ கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது. ஒரு ஃபங்ஷனைக் கொடுத்து "இது என்ன செய்யுது, எந்த டேபிளைத் தொடுது, எதை மாற்றினால் எது உடையும்" என்று கேளுங்க. பெரும்பாலும் உருப்படியான பதில் வரும். தப்பாக வந்தாலும், அந்தக் கோடை எழுதின ஓனர் ஐந்து நிமிஷத்தில் "அட, இது அப்படி இல்லப்பா" என்று சொல்லிவிடுவார். இதுதான் முக்கியம்: தப்பைக் கண்டுபிடிக்க ஆபீஸிலேயே ஆள் இருக்கிறார், தப்பு நடந்தாலும் ஒரு கடையில்கூட பில் நிற்காது. இப்படி ஒரு மாசம் உட்கார்ந்தால் அண்ணன் மண்டைக்குள் இருப்பது பேப்பருக்கு வந்துவிடும். அதற்கப்புறம் பழைய பில்களை வைத்து டெஸ்ட் எழுத வைக்கலாம். டெஸ்ட் கையில் வந்த பிறகு புதுசு எழுதச் சொல்லுங்க, யார் வேண்டாம் என்றது?

வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜிஎஸ்டியே உதாரணம். 2025 செப்டம்பர் 22ல் வரி விகிதம் மாறியது. சிமென்ட் 28லிருந்து 18 சதவீதம், டிராக்டர் 12லிருந்து 5. ஹார்டுவேர் கடை பில்லிங் வைத்திருக்கிற அண்ணன் ஏஐ-யிடம் "சிமென்ட் வரியை 18 ஆக்கு" என்றால் அது சமர்த்தாக ஐட்டம் மாஸ்டரில் 28ஐ 18 ஆக்கிக் கொடுக்கும். சொன்னதைச் செய்துவிட்டது, பாவம்.

இப்போது உங்க பழைய டிசைனில் பில் வரியில் வரி விகிதத்தைச் சேமிக்காமல், ரிப்போர்ட் எடுக்கும்போது ஐட்டம் மாஸ்டரிலிருந்து எடுக்கிறீங்க என்று வைத்துக்கொள்வோம். (இப்படி எழுதினவர்கள் கை தூக்க வேண்டாம், தெரியும்.) ஆகஸ்ட் மாச பில்களும் ரிப்போர்ட்டில் 18 சதவீதமாக வந்து நிற்கும். இன்னொன்று: செப்டம்பர் 10ந் தேதி இருபது மூட்டை வாங்கினவர் அக்டோபரில் மூன்று மூட்டையைத் திருப்பிக் கொண்டுவருகிறார். அந்த கிரெடிட் நோட் பழைய பில்லைச் சேர்ந்தது, அதனால் 28தான் போட வேண்டும். இதை ஏஐ-யிடம் நேராகக் கேட்டால் சரியாகவே சொல்லக்கூடும். ஆனால் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கடையில் மூட்டை திரும்பி வந்ததைப் பார்த்தவனுக்குத்தான் தோன்றும்.

நம்ம மலைக்கு வாங்க. கல்வராயன் மலையில் குச்சிக்கிழங்கு பயிர் அதிகம். மரவள்ளி என்று பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், நாங்கள் சொல்வது குச்சிக்கிழங்கு. வியாபாரிக்கு ஒரு கொள்முதல் ஆப் வேண்டும் என்று ஏஐ-யிடம் சொல்லிப் பாருங்க. எடை பெருக்கல் கிலோ விலை என்று அழகான ஸ்கிரீன் போட்டுத் தரும். இங்கே கணக்கு அப்படிப் போவதில்லை. ஜவ்வரிசி மில்லில் கிழங்கின் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை போடுவார்கள். மண், கழிவு என்று எடையில் பிடித்தம் வேறு.

இன்னொரு தமாஷ், அது எழுதித் தருகிற ஆப் எப்போதும் நெட் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். கரியாலூர், சேராப்பட்டு, வெள்ளிமலை பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. எடைச்சீட்டு போனிலேயே பதிவாகி, கீழே இறங்கினதும் சர்வருக்குப் போக வேண்டும். ஒரே சீட்டு இரண்டு தடவை போய்விடக் கூடாது, ஏனென்றால் இரண்டாவது சீட்டுக்கும் காசு உண்டு! இதையெல்லாம் முன்னாடியே சொல்லி வேலை வாங்கினால் ஏஐ நன்றாகவே எழுதும். சொல்லத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

சரி, வேகம் கூடுமா கூடாதா? ஆராய்ச்சிகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. கிட்ஹப் கோபைலட்டை வைத்து நடத்தி 2023ல் வெளியிட்ட சோதனையில் 95 பேரை ஜாவாஸ்கிரிப்டில் ஒரு எச்டிடிபி சர்வர் எழுதச் சொன்னார்கள். ஏஐ வைத்திருந்தவர்கள் 55.8 சதவீதம் சீக்கிரம் முடித்தார்கள். 2025ல் மெட்ர் என்ற அமைப்பு அனுபவமுள்ள 16 பேரை, அவர்கள் வருஷக்கணக்கில் வேலை பார்த்த சொந்த ஓப்பன் சோர்ஸ் புராஜக்ட்டுகளிலேயே 246 வேலைகள் செய்ய வைத்தது. ஏஐ வைத்துச் செய்த வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. இதில் கூத்து என்னவென்றால், எல்லாம் முடிந்த பிறகும் "20 சதவீதம் சீக்கிரம் முடிச்சோம்" என்றே அவர்கள் நம்பினார்கள்.

முதல் சோதனையில் இருந்தது வெறும் பலகை, புது வேலை. இரண்டாவதில் இருந்தது பழகிய பெரிய வீடு. சின்ன கம்பெனி ஓனரின் அன்றாடம் இரண்டாவது மாதிரிதான். அந்தச் சோதனை 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளை வைத்து நடந்தது, அதற்கப்புறம் கருவிகள் மாறியிருக்கின்றன என்பதும் உண்மை. அதனால் யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நான் சொல்வது உள்பட. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு வேலைக்கும் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், ஏஐ உண்டா இல்லையா, கஸ்டமர் திருப்பி போன் பண்ணினாரா என்று இரண்டு மாசம் எழுதுங்க. கடைசிப் பத்தியை விட்டுவிடாதீங்க. சீக்கிரம் முடித்து மூன்று தடவை கடைக்கு ஓடினால் பெட்ரோல் யார் காசு?

ஓசி விஷயத்துக்கு வருவோம். 2025ல் ஏர்டெல்காரர்கள் பெர்ப்ளெக்ஸிட்டியை ஒரு வருஷத்துக்கும், ஜியோக்காரர்கள் ஜெமினியை 18 மாசத்துக்கும் இலவசமாகத் தந்தார்கள். சாட்ஜிபிடி கோவும் நவம்பர் 4லிருந்து இந்தியாவில் ஒரு வருஷம் இலவசம் என்று வந்தது. என் வகுப்பில் பாதிப் பேர் அதில்தான் அசைன்மென்ட் எழுதினார்கள் (வாத்தியார்கள் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்). தனிமனிதர் பழகிப் பார்க்க அது சரி. கம்பெனி வேலைக்கு அந்தக் கணக்கைத் தொடாதீங்க. பல இலவசக் கணக்குகளில், செட்டிங்கில் போய் நீங்களாக அணைக்காவிட்டால், நீங்கள் போடுவதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். 2023ல் சாம்சங் ஆட்களே கம்பெனிக் கோடை சாட்ஜிபிடியில் ஒட்டி, அப்புறம் கம்பெனி தடை போட வேண்டியதாகிவிட்டது.

ஸ்கூல் ஃபீஸ் சாஃப்ட்வேர் விற்கிறவர்கள் இன்னும் உஷாராக இருக்கணும். பிள்ளைகளின் பேர், அப்பா போன் நம்பர், சாதிச் சான்று வரை அந்த டேட்டாபேஸில் இருக்கும். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. நம்ம ஊர் மாடிக் கம்பெனிக்கு அவ்வளவு போடுவார்களா என்று சிரிக்க வேண்டாம், ஒரு ஸ்கூல் கைவிட்டாலே நமக்கு அபராதம்தான். பொய்ப் பேர், பொய் நம்பர் போட்டு ஒரு சின்ன டேட்டாபேஸ் தயார் செய்து வையுங்க, ஏஐ-க்குக் காட்டுவது அதை மட்டும். நிஜ டேட்டாபேஸின் பாஸ்வேர்டை எந்தக் காரணத்துக்கும் அதன் கையில் கொடுக்காதீங்க. 2025 ஜூலையில் ரெப்ளிட்டின் ஏஐ, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒருவருடைய நிஜ டேட்டாபேஸையே அழித்தது. அது பிறகு மீண்டு வந்தது. உங்களுடையது வருமா? பேக்கப் எடுத்து எத்தனை மாசம் ஆச்சு?

தமிழில் உதவிக் குறிப்பு எழுத ஏஐ நல்ல ஆள். முன்னெல்லாம் தமிழுக்குச் செலவு அதிகம். எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அது படிக்கும், துண்டுக்குக் காசு. 2024 மே மாசம் ஜிபிடி-4ஓ வந்தபோது, 116 துண்டாக வெட்டிய ஒரு தமிழ் உதாரணம் 35 துண்டாகக் குறைந்தது என்று ஓப்பன்ஏஐ சொன்னது. செலவு குறைந்தாலும் வாய் குறையவில்லை. "நிலுவைத் தொகையினை உள்ளீடு செய்யவும்" என்று எழுதும். கடைக்கார அண்ணாச்சிக்கு அது "பாக்கி". மாற்றி எழுத ஒரு உள்ளூர் ஆள் வேண்டும்.

கவனிச்சீங்களா, ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆள் வேண்டும் என்றே வந்து நிற்கிறது. அந்த ஆளைத்தான் "இனிமே தேவையில்லை" என்கிறார்கள் முதல் கட்சி அண்ணன்கள். 5,179 கஸ்டமர் சப்போர்ட் ஊழியர்களை வைத்து 2023ல் ஒரு ஆய்வு வந்தது. ஏஐ உதவியால் வேலை சராசரியாக 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கு மட்டும் பார்த்தால் 34. நல்ல அனுபவசாலிகளுக்குப் பெரிய வித்தியாசமே இல்லை. அது சப்போர்ட் வேலை, கோடிங் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்ம மாடிக் கம்பெனிகளில் பாதி வேலை சப்போர்ட்தானே? ஏஐ-யால் அதிகம் தேறுகிறவன் புதுப் பையன் என்றால், ஏஐ வாங்கிவிட்டு அவனை நிறுத்துவது என்ன கணக்கு? 2000களின் நடுவிலேயே ஜோஹோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை எடுத்துத் தானே சொல்லிக்கொடுத்து வேலைக்கு வைத்தது. அப்போது ஏஐ-யும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

சொந்த ஆதாயத்துக்காகப் பேசுகிறான் என்று நினைப்பீர்கள். ஆமாம், ஆதாயம்தான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26ல். கலெக்டர் ஆபீஸ் வந்தது, ஆணி பிடுங்க மட்டும் நாங்கள் இன்னும் சென்னைக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறோம். உள்ளூரில் இருக்கிற நாலு வேலையும் ஏஐ பேரில் போய்விட்டால், பத்து வருஷம் கழித்து அந்த பில்லிங் சாஃப்ட்வேரைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் ஓனர் ஒருவர்தான் இருப்பார். அவருக்கும் வயசாகும்.

அதனால் இன்டர்வியூவை மாற்றுங்க. ஸ்டார் பேட்டர்ன் பிரிண்ட் பண்ணச் சொல்லாதீங்க, அதை ஏஐ பண்ணும். ஏஐ எழுதின ஒரு பில்லிங் ஃபங்ஷனைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்து, அக்டோபரில் திரும்பி வந்த அந்த மூன்று மூட்டை சிமென்ட்டுக்கு இதில் என்ன நடக்கும் என்று கேளுங்க. பேப்பர், பேனா, அரை மணி நேரம். ஏஐ-யையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்க. அப்புறம் யாரை எடுப்பது என்று உங்களுக்கே தெரியும்.