காசுக்கு வழி உண்டு, குழந்தைக்கு இல்லையா?

ரேஷன் கடை வாசலிலும், ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும், பஸ் படிக்கட்டிலும் வரிசையில் நிற்பது ராஜபாளையம் மில் தொழிலாளிக்கோ ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாயக் கூலித் தொழிலாளிக்கோ புதிதல்ல. முன்னால் வந்தவர் முன்னால், பின்னால் வந்தவர் பின்னால். பணக்கார வீட்டுப் பிள்ளையானாலும் சரி, பஞ்சாலைக் கூலியின் பிள்ளையானாலும் சரி. ஏழைக்கு இந்த நாட்டில் கிடைக்கிற ஒரு சில சமத்துவங்களில் இதுவும் ஒன்று. ஆகவேதான் ஒருவன் இடித்துக்கொண்டு முன்னே போனால் நம் ஜனங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது. அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நாம் இதை எழுதவில்லை.

ஆனால் அந்தக் கோபம் ஆள் தெரியாமல் பாய்கிற இடம் ஒன்று உண்டு.

ஆனி, ஆடியில் சாரல் விழுந்ததும் நம்மவர்கள் சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் வழியாகக் குற்றாலம் போகிறார்கள். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் கோயிலில் கூடுகிறார்கள். கையில் போனஸ் பணம் இருந்து, பிள்ளைகளும் நச்சரித்தால், மதுரை பரவையில் உள்ள அதிசயம் பூங்காவுக்கோ கொச்சி வொண்டர்லாவுக்கோ போய் வருகிறார்கள். வருஷத்தில் ஒரு நாள்! அந்த ஒரு நாளில், ராட்டினத்துக்கு முன்னால் தகரக் கொட்டகைக்கடியில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு தாய். கையில் எட்டு வயதுப் பையன். அவன் காதைப் பொத்திக்கொள்கிறான், தரையில் விழுகிறான், தன் கையையே கடிக்கிறான், வீரிட்டு அலறுகிறான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய், 'கொஞ்சம் விடுங்களேன்' என்று கெஞ்சுகிறாள். பின்னாலிருந்து குரல் வருகிறது: 'பிள்ளையை வளர்த்திருக்கிற லட்சணத்தைப் பாரு!'

அந்தப் பையனுக்கு ஆட்டிசம். சர்க்கார் காகிதங்களில் இதற்குப் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று ஒரு நீளமான பெயர் உண்டு. பெயர் வைத்த அதிகாரி இப்படி ஒரு குழந்தையுடன் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. அங்கே புற உலகம் அவனுக்கு இல்லாமல் போகவில்லை. ஒரேயடியாக வந்து கொட்டுகிறது. ஒலிபெருக்கி, வெளிச்சம், முதுகில் உரசும் அந்நியர் உடல், வியர்வை வாடை எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து அவனைத் தாக்குகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலே, 'எப்போது முடியும்' என்று தெரியாத காத்திருப்பு. நமக்கு அது சலிப்பு. அவனுக்கு அது பீதி. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு குழந்தை அலறும், மற்றொன்று வாயே திறக்காமல் உறைந்து நிற்கும். ஆனால் அது அடமும் அல்ல, செல்லமும் அல்ல.

தாயைக் குற்றம் சொல்வது நம்மூர்ப் பழக்கம் மட்டும் என்று எண்ண வேண்டாம். 1943-ல் லியோ கானர் என்ற டாக்டர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி இந்நிலைக்குப் பெயர் கொடுத்தார். அதன் பின் பல ஆண்டுகள், தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று பெரிய படிப்பாளிகளே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1967-ல் புரூனோ பெட்டல்ஹெய்ம் என்பவர் ஒரு புத்தகமே எழுதினார். அந்த வாதம் பொய் என்று விஞ்ஞானம் தள்ளிவிட்டது. வரிசையில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

சரி, 'அந்தப் பிள்ளையை முன்னால் விட்டால், நாளைக்கு எல்லோரும் என் பிள்ளைக்கும் அப்படித்தான் என்று வருவார்களே?' என்று ஒரு தோழர் கேட்கலாம். நல்ல கேள்விதான். இதற்குப் பதில் முன்னால் விடுவது அல்ல. காத்திருப்பை ஒழிக்க வேண்டாம். காத்திருக்கும் இடத்தை மாற்றினால் போதும். வரிசை 45 நிமிஷம் என்றால், ஒரு சீட்டில் 45 நிமிஷம் கழித்து வரும் நேரத்தை எழுதிக் கொடுக்கட்டும். பிள்ளை மரநிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு அந்த நேரத்துக்கு வரும். அவன் யாருடைய முறையையும் திருடவில்லை. நம்மில் யாருக்கும் ஒரு நிமிஷம்கூட நஷ்டமில்லை. இது ஆகாசத்திலிருந்து குதித்த யோசனையும் அல்ல; திருப்பதிக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள், நேரம் குறித்த டோக்கன் கையில் இருந்தால் அதுவரை வெளியே இருக்கலாம் என்று சொல்வார்கள். பெருமாளைப் பார்க்க முடிகிற ஏற்பாடு ராட்டினத்துக்கு முடியாதா?

அமெரிக்காவில் டிஸ்னி கம்பெனியின் பூங்காக்களில் முதலில், ஊனமுற்றோருக்குத் தனி வழிச் சீட்டுத்தான் கொடுத்தார்கள். என்ன நடந்தது? மணிக்கு 130 டாலர் கொடுத்து ஊனமுற்ற ஒருவரை வாடகைக்கு அமர்த்தி, அவர் பெயரைச் சொல்லிப் பணக்காரக் குடும்பங்கள் வரிசையைத் தாண்டுகின்றன என்று 2013 மே மாதத்தில் நியூயார்க் பத்திரிகை ஒன்று எழுதியது. மனிதனின் ஊனத்தைக்கூட வாடகைச் சரக்காக்கும் புத்தி எந்த வர்க்கத்துக்கு உண்டு என்று நாம் சொல்லவும் வேண்டுமா! அதே ஆண்டு அக்டோபரில் கம்பெனி அந்தச் சீட்டை நிறுத்தி, நேரம் குறித்துத் திரும்பி வரும் முறையைக் கொண்டுவந்தது. 2024-ல் அதையும் இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே என்று சுருக்கியது. அதற்கும் முன்கூட்டி வீடியோவில் விசாரணை. அதே 2024-ல் அதே கம்பெனி, வரிசையைத் தாண்ட ஒரு நாளைக்கு 449 டாலர் வரை விலையுள்ள சீட்டையும் விற்கத் தொடங்கியது. அதை வாங்குகிறவனிடம் ஒரு கேள்வியும் கிடையாது. தேவை உள்ளவனுக்கு விசாரணை, பணம் உள்ளவனுக்குச் சலாம்!

நம் நாட்டிலும் இந்த வியாபாரம் வந்துவிட்டது. வொண்டர்லா போன்ற பூங்காக்களில் 'ஃபாஸ்ட்டிராக்' என்று கூடுதல் விலைச் சீட்டு விற்கிறார்கள். ஆகவே, 'வரிசை என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான், விதிவிலக்கு கிடையாது' என்று எந்தக் காவலாளியாவது ஒரு தாயிடம் சொன்னால், அது உண்மையல்ல. விதிவிலக்கு இருக்கிறது, அதற்கு விலை போட்டிருக்கிறது. வரிசையில் நிற்கும் தோழரே, உம்முடைய முறையை உண்மையில் தின்றவர் அந்தக் கூடுதல் விலைச் சீட்டுக்காரர். கோபத்தை அந்தப் பக்கம் திருப்பும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016-ல் வந்து 2017 ஏப்ரல் 19 முதல் அமுலில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சேர்த்தது; ஆட்டிசம் அவற்றில் ஒன்று. நியாயமான வசதி செய்து தர மறுப்பதே பாரபட்சம் என்கிறது அந்தச் சட்டம். மற்றவர்களுக்குச் சமமாகப் பொழுதுபோக்கிலும் பங்குகொள்ள வழி செய்ய வேண்டும் என்று 29-ஆவது பிரிவு சர்க்காருக்குக் கடமை விதிக்கிறது. ஏட்டில் இருக்கிறது. பூங்கா வாசலில் இருக்கிறதா?

வாசலுக்குப் போகும் முன்பே இன்னொரு வரிசை காத்திருக்கிறது. இந்த உரிமைகளைக் கேட்டால் முதலில் சான்றிதழ் எங்கே, அடையாள அட்டை எங்கே என்பார்கள். அதற்கு மருத்துவக் குழுவின் முன் நிற்க வேண்டும். ராஜபாளையத்திலிருந்து ஜில்லாத் தலைநகரான விருதுநகருக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். அலறுகிற பிள்ளையை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அன்றைய கூலி போச்சு. டாக்டர் இல்லை என்றால் மறுபடி ஒரு நாள், மறுபடி ஒரு கூலி. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவருக்கும் நாற்று நடுகிற பெண்ணுக்கும் இந்த இரண்டு நாள் கூலி சின்ன விஷயமல்ல. மருத்துவக் குழு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நாள் குறித்து வரவேண்டும், வரும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே நேரம் கொடுக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படி ஆசையா?

சட்டம் வரும்வரை பிள்ளை காத்திருக்காது. ஆகவே சில காரியங்களைப் பெற்றோர் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு, ஷிப்டு லீவைப் பார்த்து வார நாளில் போவது நல்லது. போகிற இடத்தின் படங்களை நாலைந்து நாள் முன்பிருந்தே காட்டி, முதலில் இது, பிறகு இது என்று சொல்லி வைக்கலாம். காதை மூடும் கருவி, பிடித்த சாமான் ஒன்று, தண்ணீர், தின்பண்டம் கையில் இருக்கட்டும். பெரியவர் ஒருவர் வரிசையில் நிற்க, மற்றொருவர் பிள்ளையோடு வெளியே உலாத்திவிட்டு முறை வரும்போது சேர்ந்துகொள்ளலாம். ஒரு கூலியில் குடும்பத்தை இழுக்கும் தனித் தாய்க்கு அந்த 'மற்றொருவர்' கிடையாது. அங்கேதான் பக்கத்தில் நிற்கும் நாம் வேண்டியிருக்கிறோம். 'நீங்க நிழல்ல உக்காருங்கம்மா, உங்க இடத்தை நான் பார்த்துக்கிறேன்' என்று ஒரு வார்த்தை! ரேஷன் வரிசையில் கர்ப்பிணியை உட்காரச் சொல்லி அவள் பையை நகர்த்திக்கொண்டே போனவர்கள் நம் பெண்கள். அவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

பக்கத்தில் நிற்பவர் வாய் திறந்தால் நடப்பதும் உண்டு. 2022 மே 7-ல் ராஞ்சி விமான நிலையத்தில், பதற்றத்தில் இருந்த ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை இண்டிகோ கம்பெனி விமானத்தில் ஏற்ற மறுத்தது. சக பயணிகள் அவனுக்காகப் பேசினார்கள். அன்று அவனை ஏற்றவில்லை. ஆனால் அங்கிருந்த பயணி ஒருவர் எழுதியதால் விஷயம் நாடெங்கும் பரவியது. அந்த மாதமே விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கம்பெனிக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

சங்கத்தின் பெயரில் சுற்றுலா பஸ் ஏற்பாடு செய்யும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 50 சீட்டுக்கு முன்பணம் கட்டும் முன், பூங்காவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நேரம் குறித்த சீட்டு உண்டா, அது இலவசமா, சத்தமில்லாமல் உட்கார ஓர் அறை உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் வராத பூங்காவுக்கு நம் போனஸ் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. சாரல் மாதத்தில் வார நாளாகப் பார்த்து, கூட்டம் சேரும் முன் விடியற்காலையில் குற்றாலம் போய்ச் சேரும்படி பஸ்ஸை எடுங்கள்.