போர்க்களத்திற்கு வந்த வாடகைப் பெட்டகம்: சாவி யார் கையில்?

தரவு மையம் என்றவுடன், பரந்த நிலப்பரப்பில் எழுப்பப்பட்ட சன்னல்களற்ற பெருங்கட்டடமே பலருக்கும் நினைவுக்கு வரும். விசாகப்பட்டினத்தில் 1500 கோடி டாலர் முதலீட்டில் அமைக்கப்போவதாகக் கூகுள் நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்த மையம் அந்த வகையைச் சேர்ந்தது. நிலம், தண்ணீர், மின்சாரம் குறித்து இத்தகைய மையங்கள் எழுப்பும் கேள்விகள் ஓரளவேனும் பொதுவெளியில் விவாதிக்கப்படுகின்றன. ஆனால் இதே தொழில்நுட்பத்தின் இன்னொரு வடிவம், அதிகம் பேசப்படாமலேயே ராணுவங்களுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. கன்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகத்துக்குள் சர்வர்கள், குளிரூட்டும் கருவிகள், மின்பகிர்மான அமைப்பு, தகவல் தொடர்புச் சாதனங்கள் அனைத்தையும் அடைத்து, லாரியிலோ ரயிலிலோ கப்பலிலோ ராணுவச் சரக்கு விமானத்திலோ ஏற்றிப் போர்முனைக்கே கொண்டுசெல்லும் நடமாடும் தரவு மையமே அது.

இதனை ஒரு தொழில்நுட்ப வளர்ச்சியாக மட்டும் வியந்து பாராட்டும் செய்திகளுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பெட்டகம் யாருக்குச் சொந்தமானது, அதனைத் திறக்கவும் மூடவும் யாருக்கு அதிகாரம் உண்டு என்ற கேள்விகளோ பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இந்தியாவைப் போன்ற ஒரு நாட்டிற்கு மிகவும் முக்கியமான கேள்விகள் இவையே.

பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது?

சரக்குப் பெட்டகத்துக்குள் தரவு மையத்தை அடைக்கும் எண்ணம் புதிதல்ல. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2006 அக்டோபரிலேயே 20 அடிப் பெட்டகத்துக்குள் அமைந்த ஒரு தரவு மையத்தை அறிமுகப்படுத்தியது. 2020 அக்டோபரில் மைக்ரோசாப்ட் தனது அஷ்யூர் சேவைக்கான நடமாடும் தரவு மையத்தை அறிவித்தது. ராணுவத் தேவைகளும் அதன் பயன்களுள் ஒன்றாக வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டன. 2023 பிப்ரவரியில் அமேசான் நிறுவனம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கென்றே இத்தகைய பெட்டகத்தை அறிவித்தது.

ராணுவங்கள் இதனை விரும்புவதற்கான காரணம் எளிதில் விளங்கக்கூடியது. இன்றைய போர்முனையில் ட்ரோன்களும் ராடார்களும் உணர்கருவிகளும் ஒவ்வொரு கணமும் தரவுகளைக் குவிக்கின்றன. அவற்றை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள மையத்துக்கு அனுப்பி, விடையைத் திரும்பப் பெறுவதற்குள் களநிலை மாறிவிடுகிறது. எதிரி தகவல் தொடர்பைத் துண்டித்துவிட்டால் அதுவும் நடவாது. எனவே கணிப்பு இயந்திரத்தையே களத்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். தாக்குதல் இலக்கைக் கண்டறிவதற்கும் தாக்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறைப்பதே இதன் நோக்கம். மனிதர் ஒருவர் நின்று நிதானித்து முடிவெடுப்பதற்கான நேரமும் அதனுடன் சேர்ந்தே சுருங்குகிறது.

இந்தச் சந்தையின் அளவைப் பென்டகனின் ஒப்பந்தங்கள் காட்டுகின்றன. 2019 அக்டோபரில், 1000 கோடி டாலர் வரையிலான ராணுவ மேகக் கணிமை ஒப்பந்தம் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அதனை எதிர்த்து அமேசான் நீதிமன்றம் சென்றது. 2021 ஜூலையில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 2022 டிசம்பரில் அமேசான், கூகுள், மைக்ரோசாப்ட், ஆரக்கிள் ஆகிய நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து 900 கோடி டாலர் வரையிலான புதிய ஒப்பந்தம் வழங்கப்பட்டது. ஏகபோக நிறுவனங்களுக்கு இடையிலான சண்டை, பங்கு பிரித்தலில் சுமுகமாக முடிந்தது. அமேசானின் பெட்டகம் இந்த ஒப்பந்தத்தின் வழியாகப் பென்டகனுக்குக் கிடைக்கும் சேவைகளில் ஒன்று.

இங்கே 'சேவை' என்ற சொல் கவனிக்கத்தக்கது. பீரங்கியை விற்ற நிறுவனம் விலையைப் பெற்றுக்கொண்டு விலகிவிடும். உதிரி பாகங்களுக்கு மட்டுமே மீண்டும் வரும். மேகக் கணிமை நிறுவனமோ பயன்பாட்டுக்கேற்பக் கட்டணம் பெறுகிறது. போர் நீளும்போது கட்டணமும் நீளும். 1961 ஜனவரியில் பதவியிலிருந்து விடைபெற்ற அமெரிக்க அதிபர் ஐசனோவர், ராணுவமும் ஆயுதத் தொழிலும் கொண்டுள்ள கூட்டின் செல்வாக்கைக் குறித்துத் தம் நாட்டு மக்களை எச்சரித்தார். அந்தக் கூட்டில் இன்று போரின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வாடகை வசூலிக்கக்கூடிய ஒரு புதிய பங்காளி சேர்ந்திருக்கிறார்.

பெட்டகம் முன்பும் போருக்குப் போயிருக்கிறது

சரக்குப் பெட்டகத்தின் வரலாறும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. 1956 ஏப்ரல் 26 அன்று, மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளியின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டகங்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. ஆயினும் அம்முறை பசிபிக் பெருங்கடலைக் கடந்து வேரூன்றப் பெரிதும் துணைபுரிந்தது வியட்நாம் மீதான அமெரிக்கப் படையெடுப்பு. 1967இல் மெக்லீனின் சீ-லேண்ட் நிறுவனம், காம் ரான் விரிகுடாவிலிருந்த அமெரிக்கப் படைத் தளத்துக்குப் பெட்டகங்களில் சரக்கு ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்தைப் பெற்றது. போவதற்கான செலவை அமெரிக்க அரசு கொடுத்துவிட்டது. வெறுமனே திரும்ப வேண்டிய கப்பல்கள் வழியில் ஜப்பானியச் சரக்கை ஏற்றிக்கொண்டன. அந்த வருவாய் ஏறத்தாழ முழுவதும் லாபமே.

வியட்நாம் மக்கள் அந்தப் போரை வென்றார்கள். பெட்டகமோ உலக வணிகத்தின் அடிப்படை அலகாக நிலைபெற்றது. லண்டன் முதல் நியூயார்க் வரை துறைமுகத் தொழிலாளர்களின் வேலைகள் பல்லாயிரக்கணக்கில் மறைந்தன. தொழில்நுட்பம் உழைப்பின் சுமையைக் குறைத்தது உண்மை. அதனால் விளைந்த ஆதாயம் யாரைச் சேர்ந்தது என்பதை உடைமை உறவே தீர்மானித்தது. மக்களின் வரிப்பணத்தில், போரின் நிழலில் வளர்க்கப்பட்ட ஒரு தொழில்நுட்பம் தனியார் ஏகபோகத்தின் சொத்தாக வெளிவந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு தரவு மையத்தைச் சுமந்துகொண்டு அதே பெட்டகம் அதே பாதையில் செல்கிறது.

நிறுத்தும் அதிகாரம்

இறையாண்மை பற்றிய கேள்விக்கு 2025ஆம் ஆண்டு இரண்டு நிகழ்வுகளை விடையாக அளித்தது.

முதலாவது, குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் திறன்கொண்ட சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனம் தொடர்பானது. ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு அதில் 49.13 சதவீதப் பங்கு உண்டு. 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்தது. அதனைத் தொடர்ந்து, அந்நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாப்ட் முடக்கியது. இந்தியச் சட்டப்படி பதிவுபெற்று, இந்திய மண்ணில் இயங்கும் ஒரு நிறுவனம், தான் பணம் செலுத்திப் பெற்ற சேவைகள் ஒருதலைப்பட்சமாக மறுக்கப்பட்டதாக டெல்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. சில நாள்களில் சேவை மீண்டது. இந்தியாவோ ஐக்கிய நாடுகள் சபையோ அத்தடையை விதிக்கவில்லை. ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட முடிவை ஓர் அமெரிக்க நிறுவனம் இந்தியாவுக்குள் செயல்படுத்தியது.

இரண்டாவது, இஸ்ரேல் தொடர்பானது. பாலஸ்தீன மக்களின் தொலைபேசி உரையாடல்களைப் பெருமளவில் பதிவுசெய்து, மைக்ரோசாப்டின் அஷ்யூர் சேவையில் இஸ்ரேலிய உளவுப் பிரிவு சேமித்து வந்ததை 2025 ஆகஸ்டில் 'கார்டியன்' உள்ளிட்ட ஊடகங்கள் அம்பலப்படுத்தின. ஊழியர்களின் போராட்டங்களும் வலுத்தன. செப்டம்பர் 25 அன்று, இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு பிரிவுக்கு அளித்துவந்த சில சேவைகளை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. ஜனநாயக உணர்வு கொண்ட எவரும் அந்நடவடிக்கையை வரவேற்பர். அதே வேளையில் அது ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வைத்தது. அமெரிக்காவின் மிக நெருங்கிய கூட்டாளியின் ராணுவமே ஆனாலும், நிறுத்தும் விசை நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. ஒரு நாள் நியாயத்தின் பக்கம் திருப்பப்பட்ட விசை, மறுநாள் வாஷிங்டனின் உத்தரவுக்குத் திருப்பப்படாது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நடமாடும் பெட்டகம் வெளித்தொடர்பின்றித் தனித்தே இயங்கக்கூடியது என்பதால் இந்த ஆபத்து அதற்குப் பொருந்தாது என்று சிலர் வாதிடலாம். அந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. தொடர்பு அறுந்த நிலையில் இயங்குவதற்காகவே அது உருவாக்கப்பட்டது. ஆனால் மென்பொருள் உரிமம் காலாவதியாகும்; பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் புதுப்பிப்புகள் வெளியிலிருந்துதான் வர வேண்டும்; பழுதான பாகத்தை மாற்ற நிறுவனத்தின் பொறியாளரும் உதிரி பாகமும் தேவை. தொடர்பின்றிச் சில வாரங்கள் இயங்க முடிவது வேறு, சார்பின்றி ஆண்டுக்கணக்கில் இயங்குவது வேறு. மேலும், 2018 மார்ச்சில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம் ஒன்று, அந்நாட்டு நிறுவனங்களின் கட்டுப்பாட்டிலுள்ள தரவு உலகின் எந்த மூலையில் இருந்தாலும் சட்ட நடைமுறையின் வழியே அதனைக் கோரும் அதிகாரத்தை அமெரிக்க அரசுக்கு வழங்குகிறது.

ஊழியர்களின் மறுப்பு

இந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கும் உழைப்பாளிகள் அனைவரும் வாய்மூடி இருக்கவில்லை. ட்ரோன் காட்சிகளைச் செயற்கை நுண்ணறிவால் ஆராயும் பென்டகனின் 'மேவன்' திட்டத்தில் கூகுள் பங்கேற்றதை எதிர்த்து, 2018இல் அந்நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் கையெழுத்திட்டனர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று நிர்வாகம் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆயுதங்களுக்காகச் செயற்கை நுண்ணறிவை உருவாக்கப் போவதில்லை என்ற உறுதிமொழியும் அப்போது அளிக்கப்பட்டது.

2021இல் கூகுளும் அமேசானும் இஸ்ரேல் அரசுடன் 120 கோடி டாலர் மதிப்பிலான 'நிம்பஸ்' ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. காஸா மக்கள் கொன்று குவிக்கப்பட்டுக்கொண்டிருந்த 2024 ஏப்ரலில், அதற்கு எதிராக அலுவலகங்களில் அமர்ந்து போராடிய சுமார் 50 ஊழியர்களைக் கூகுள் பணிநீக்கம் செய்தது. 2025 பிப்ரவரியில் ஆயுதங்கள் பற்றிய அந்த உறுதிமொழியும் அதன் கொள்கை ஆவணத்திலிருந்து அகற்றப்பட்டது. ஒரு நிறுவனத்தின் நல்லெண்ண அறிக்கைக்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்பதை ஏழு ஆண்டுக் கணக்கு காட்டிவிட்டது. எனினும், உயர் ஊதியம் பெறும் மென்பொருள் ஊழியரும் தம் உழைப்பின் பயன் குறித்துக் கேள்வி கேட்பார், அதற்காக வேலையையும் இழக்கத் துணிவார் என்பதையும் இதே ஏழு ஆண்டுகள் காட்டியுள்ளன.

இந்தியா எந்தப் பக்கம்?

லடாக்கின் உயர்மலைகளிலும் அந்தமான் தீவுகளிலும் பணியாற்றும் படைகளுக்குத் தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்ட நிலையிலும் இயங்கும் கணினி வசதி தேவைப்படலாம். தேச பாதுகாப்பின் இந்தத் தேவையை யாரும் மறுப்பதற்கில்லை. அது யாரால், யாருடைய கட்டுப்பாட்டில் நிறைவேற்றப்படுகிறது என்பதே கேள்வி.

ஆட்சியாளர்கள் சென்றுவந்த பாதை கவலைக்கிடமானது. படைத் தளங்களில் பரஸ்பர வசதிகளுக்கான ஒப்பந்தம் 2016இலும், ராணுவத் தகவல் தொடர்புக்கான ஒப்பந்தம் 2018இலும், புவியிடத் தரவுப் பகிர்வுக்கான ஒப்பந்தம் 2020இலும் அமெரிக்காவுடன் கையெழுத்தாயின. 2025 அக்டோபர் 31 அன்று கோலாலம்பூரில் மேலும் பத்தாண்டுகளுக்கான பாதுகாப்பு உடன்பாடு செய்யப்பட்டது. இவை இந்தியாவை அமெரிக்காவின் போர்த் திட்டங்களுடன் பிணைக்கும் என்று இடதுசாரிகள் தொடர்ந்து எச்சரித்து வந்துள்ளனர். தளவாடம், தொடர்பு, தரவு என்று ஒவ்வொன்றாக இணைக்கப்பட்ட பிறகு, கணிமையும் அந்த வரிசையில் சேர்க்கப்பட்டால், அணிசேராக் கொள்கையின் எச்சமும் மிஞ்சாது.

மாற்றுப் பாதை கற்பனையில் தேட வேண்டியதல்ல. 1980களில் இந்தியா கோரிய திறன்கொண்ட க்ரே மீக்கணினியை விற்க அமெரிக்கா மறுத்தது. அதற்கு விடையாக 1988இல் புனேயில் அரசு நிறுவனமாக சி-டாக் அமைக்கப்பட்டது. 1991இல் 'பரம் 8000' மீக்கணினி உருவாயிற்று. கடற்படைக்கான ஜிசாட்-7 செயற்கைக்கோளை 2013இல் இஸ்ரோ விண்ணில் நிலைநிறுத்தியது. செயலி வடிவமைப்பில் சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி'யும் சி-டாக்கின் 'வேகா'வும் முன்னெடுக்கப்பட்டுள்ளன. பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954 முதல் ராணுவ மின்னணுக் கருவிகளைச் செய்து வருகிறது. இரும்புப் பெட்டகத்துக்குள் சர்வரையும் குளிரூட்டியையும் பொருத்துவது இவற்றின் கூட்டுத் திறனுக்கு அப்பாற்பட்ட செயல் அன்று.

தேவையானது அரசியல் உறுதி. அதுவே இல்லை. 41 படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 அன்று ஏழு கம்பெனிகளாக உடைக்கப்பட்டன. தொழிலாளர்களின் எதிர்ப்பு அவசியப் பாதுகாப்புச் சேவைச் சட்டத்தின் மூலம் ஒடுக்கப்பட்டது. 2020இலேயே பாதுகாப்பு உற்பத்தியில் 74 சதவீதம் வரை அந்நிய நேரடி முதலீடு தானியங்கி வழியில் அனுமதிக்கப்பட்டுவிட்டது. அந்நியப் பெட்டகத்தின் மீது ஓர் இந்தியப் பெருமுதலாளியின் பெயர்ப்பலகையை மாட்டி, 'தற்சார்பு' என்று அழைப்பதும் தீர்வாகாது. மென்பொருளின் மூல நிரலும் புதுப்பிக்கும் திறனும் பழுதுபார்க்கும் அறிவும் பொதுவுடைமையில் இல்லாதவரை, பெயர்ப்பலகை எதையும் மாற்றாது.

எனவே சில கோரிக்கைகள் இப்போதே முன்வைக்கப்பட வேண்டும். ராணுவக் கணிமைக்காக எந்த வெளிநாட்டு நிறுவனத்துடன் எந்த ஒப்பந்தம் செய்யப்பட்டாலும், அதன் நிபந்தனைகள் நாடாளுமன்றக் குழுவின் ஆய்வுக்கு உட்படுத்தப்பட வேண்டும். சேவையை வெளியிலிருந்து நிறுத்தும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் வழங்கப்படக் கூடாது. ராணுவத்துக்கான நடமாடும் தரவு மையங்களை வடிவமைத்து உற்பத்தி செய்யும் பொறுப்பு பொதுத்துறையிடம், போதிய நிதியுடன் ஒப்படைக்கப்பட வேண்டும். இலக்கைத் தேர்வுசெய்து உயிரைப் பறிக்கும் முடிவு ஒருபோதும் இயந்திரத்திடம் விடப்படலாகாது. அம்முடிவுக்குப் பொறுப்பேற்கும் மனிதர் சட்டத்தின் முன் நிற்க வேண்டும்.

வாடினார் ஆலையில் முடங்கியவை மின்னஞ்சலும் அலுவலக மென்பொருளும். அதற்கு நீதிமன்றம் செல்ல அவகாசம் இருந்தது. எல்லையில் நெருக்கடி மூண்ட ஒரு நாளில் பெட்டகம் மூடப்பட்டால், முறையிடுவதற்கு எந்த நீதிமன்றமும் இராது. நயாரா தந்த எச்சரிக்கை ஒரு வாரத்துச் செய்தியாகக் கடந்துபோக விடப்படக் கூடாது. வரவிருக்கும் நாடாளுமன்றக் கூட்டத்தொடரிலேயே அரசு இதற்குப் பதில் கூறியாக வேண்டும்.