கட்டையையும் சேர்த்து எடுங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கொல்லைக்குக் கொல்லை தென்னை சாய்ந்தது. ஒரு மரத்துக்கு இழப்பீடாக 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. முறிந்து நின்ற மரங்களைப் பலர் தரையோடு அறுத்தார்கள். அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கக் கையில் காசில்லை. வீட்டை ஒட்டிய சந்துக்குள் ஜேசிபியும் நுழையாது. கட்டை அப்படியே நின்றுவிட்டது.

வேம்பையும் பூவரசையும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அதனால் நமக்குக் கட்டையின் நினைப்பு இருக்கும். தென்னை துளிர்க்காது. தானாக மக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். அது மக்குகிற காலத்தில்தான் மிச்சமிருக்கும் மரங்களுக்குக் கேடு வருகிறது.

காண்டாமிருக வண்டு முட்டையிடத் தேடுவது எருக்குழியையும் இற்றுப்போன தென்னங்கட்டையையும்தான். அங்கே புழுவாக வளர்ந்து, வண்டானதும் பக்கத்து மரத்தின் குருத்தைக் குடைகிறது. அந்தக் காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டும் உள்ளே போய்விட்டால் மரம் பிழைப்பது அரிது.

இன்னொன்று தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் தென்பட்டதால் இந்தப் பெயர். இதை உண்டாக்கும் கானோடெர்மா என்ற பூஞ்சை மண்ணுக்குள் வேர்வழியே பரவும். அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடியும். செத்த மரத்தின் வேரிலும் கட்டையிலும் அந்தப் பூஞ்சை உயிரோடு இருக்கும். நோய் கண்ட மரத்தை வெட்டிவிட்டுக் கட்டையை விடுவது, நோயைக் கொல்லையிலேயே வைத்திருப்பதற்குச் சமம்.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் சல்லிவேர்தான். ஆகவே கடப்பாரையும் மண்வெட்டியும் கோடாரியும் போதும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது கட்டையைச் சுற்றி வட்டமாகத் தோண்டி வேர்களை அறுத்துக்கொண்டே வந்தால் கட்டை ஆட்டம் கொடுக்கும். பிறகு நெம்பிச் சாய்க்கலாம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதில் பயனில்லை. மேலே கரியும், மண்ணுக்குள் இருப்பது அப்படியே கிடக்கும். எடுத்த கட்டையை எருக்குழி ஓரம் போட்டுவைக்காதீர்கள். பிளந்து காயவைத்து எரித்துவிடுங்கள். நோய் வந்த இடமானால் புதுக் கன்றைத் தள்ளி வையுங்கள். மற்ற மரம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுங்கள்.

ஒரு வீட்டுக் கட்டையில் பிறக்கிற வண்டுக்கு வேலி தெரியாது. என் கொல்லை, என் கட்டை என்று இருந்துவிட முடியாத விஷயம் இது. கட்டை எடுக்க வசதியில்லாத வீடுகளுக்கு ஊராட்சிகள் ஆள் கொடுத்து உதவ வேண்டும். வசதியுள்ளவர்கள் மரம் வெட்டக் கூலி பேசும்போதே கட்டை எடுப்பதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.