கூகிளாண்டவரும் குட்டிச் சாமிகளும்



"கூகிளாண்டவரைக் கேளு, சொல்வார்" என்பது நம்ம கூட்டத்தில் ரொம்ப நாளாகப் புழங்குகிற வசனம். ரசப்பொடி அளவா, முதுகுவலிக்கு மருந்தா, ப்ராஜெக்டுக்கு நிரலா, எல்லாவற்றுக்கும் ஒரே சந்நிதி. இங்கே ஜெர்மனியில் தீசிஸ் எழுதுகிறேன் பேர்வழி என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டே இருப்பதால், மற்ற சாமிகளையும் வரிசையாகக் கும்பிட்டுப் பார்த்தேன். அதில் தோன்றியதுதான் இது. திட்டுறவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க :-)

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நாம் கேட்டவுடன் தேடுபொறி இணையம் முழுக்க ஓடிப்போய்த் தேடுவதில்லை. அதன் நிரல்கள் முன்கூட்டியே பக்கம் பக்கமாகப் போய்ப் படித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று ஒரு அடைவு தயாரித்து வைக்கின்றன. தடிப்புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதே சமாச்சாரம்தான். நாம் தேடுவது அந்த அடைவில். அதில் ஏறாத பக்கம், தேடுகிறவனைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

இந்த அடைவைச் சொந்தமாகப் போட ஏகப்பட்ட செலவு பிடிக்கும். அதனால் போர்டு மாட்டியிருக்கிற கடைகள் நிறைய, சரக்கு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். கூகிள் (1998), மைக்ரோசாஃப்டின் பிங் (2009), ரஷ்யாவின் யாண்டெக்ஸ், சீனாவின் பைடு, கொரியாவின் நேவர், அப்புறம் சிறிய அளவில் பிரேவ், மோஜீக். மற்ற பல பேர் மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்பவர்கள். 1994-ல் ஒரு இணையப் பட்டியலாக ஆரம்பித்த யாஹூ, 2009-ல் போட்ட ஒப்பந்தத்திற்குப் பிறகு பிங்கிடம் முடிவுகளை வாங்க ஆரம்பித்தது. டக்டக்கோவின் வழக்கமான இணைப்புகளில் பெரும்பகுதி பிங் சரக்கு. ஸ்டார்ட்பேஜ் கொடுப்பதில் கூகிள் முடிவுகளும் உண்டு. தெருவில் பத்து காய்கறிக் கடை இருந்தாலும் லாரி வருவது கோயம்பேட்டிலிருந்துதானே?

நம்பாதவர்கள் 2024 மே 23-ஐ நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு பிங் படுத்தது. கூடவே டக்டக்கோவும் ஈக்கோசியாவும் படுத்தன. "நான் கூகிளை விட்டுட்டேன், மூணு தேடுபொறி மாத்தி மாத்தி பயன்படுத்தறேன்"னு பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த பல பேருக்கு, மூன்றும் ஒரே கிணற்றுத் தண்ணீர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காசு கொடுத்து பிங் முடிவுகளை வாங்கிப் பயன்படுத்த நிரலாளர்களுக்கு இருந்த சேவையையும் 2025 ஆகஸ்ட் 11-ல் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. மொத்த வியாபாரி நினைத்தால் சில்லறைக் கடைகள் என்ன ஆகும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

ஆக, "எது நல்ல தேடுபொறி?" என்று கேட்பதற்கு முன்னால் "இவன் சரக்கு யாரோடது?" என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. சரி, ஒவ்வொருவரிடமும் என்ன கிடைக்கிறது?

கூகிள்: அடைவு பெரிசு, வரைபடம், 2004-ல் வந்த ஸ்காலர் என்று எல்லாம் ஒரே இடத்தில். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பிழைப்பு விளம்பரத்தில் ஓடுகிறது. வேடிக்கை என்னவென்றால், 1998-ல் பிரின்னும் பேஜும் ஸ்டான்ஃபோர்டில் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பிலேயே, விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! எல்லோரும் தங்களையே பயன்படுத்த அவர்கள் செய்யும் செலவும் சாதாரணம் இல்லை. உலாவிகளிலும் போன்களிலும் முதல் இடத்தில் இருப்பதற்காக 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளியே வந்தது. தேடலில் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றி வந்தது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பும் வந்தது. நாம்தான் கூகிளைத் தேர்ந்தெடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

விளம்பரம் வந்தால் தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். என் அறைத்தோழன், அம்மாவை இங்கே அழைத்துவர விசா படிவம் தேடினான். எந்தத் தேடுபொறி என்று சொல்லப்போவதில்லை. முதலில் வந்தது அரசாங்கத் தளம் மாதிரியே நிறமும் முத்திரையும் வைத்த ஒரு இடைத்தரகரின் விளம்பரம். இலவசமாகக் கிடைக்கிற படிவத்துக்கு 45 யூரோ கட்டினான் பயபுள்ள. எங்களுக்கு அது ஒன்றரை வார மளிகைக் காசு. அசல் தளம் நாலாவது இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

2024 மேயில் அமெரிக்காவில் கூகிள் முடிவுகளுக்கு மேலே செயற்கை அறிவின் சுருக்கங்களைப் போட ஆரம்பித்ததும், பீட்சாவில் சீஸ் ஒட்டாவிட்டால் பசை சேர்க்கச் சொல்லி அது ஊர் சிரித்த கதை தெரிந்திருக்கும். சிரிப்பதை விடுங்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு மூல பக்கத்துக்குப் போகாமல் திரும்பும் பழக்கம்தான் எனக்குக் கவலை. அதே மாதம் "வெப்" என்று ஒரு வடிப்பானையும் கொடுத்தார்கள். அதைத் தட்டினால் பழைய மாதிரி வெறும் இணைப்புகள் வரும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

டக்டக்கோ: சரக்கு இரவல் என்றாலும், நாம் தேடியதைச் சேர்த்து வைத்து நம் பேரில் கோப்பு திறப்பதில்லை என்பது அவர்கள் கொடுக்கும் வாக்கு. உடம்பு சம்பந்தமாக, கடன் சம்பந்தமாகத் தேடும்போது அதற்கு மதிப்பு உண்டு.

பிரேவ்: 2021-ல் வந்தது. 2023-ல் பிங்கை முழுசாக விட்டுவிட்டு சொந்த அடைவில் நிற்கிறது. மோஜீக்: பிரிட்டன்காரர்கள், 2004-லிருந்து சொந்தமாக அடைவு போடுகிறார்கள். சிறிய கடைதான், ஆனால் பெரிய கடையில் பின்னால் தள்ளப்பட்ட பக்கம் சில சமயம் இங்கே முன்னால் நிற்கும்.

காகி: விளம்பரம் கிடையாது, அளவில்லாமல் தேட மாசம் 10 டாலர். வேலைக்குப் போனப்புறம் பார்க்கலாம்.

படிக்கிற பிள்ளைகளுக்கு: ஸ்காலரோடு பீலஃபெல்ட் பல்கலைக்கழகம் நடத்தும் பேஸ் என்ற தேடுபொறியையும் பாருங்கள். பல்கலைக்கழகக் களஞ்சியங்களில் கிடக்கும் ஆய்வேடுகள் அதில் நன்றாக அகப்படும்.

இனி நம்ம விஷயம். ரஷ்ய மொழியில் ஒரு பெயர்ச்சொல் வேற்றுமைக்கு ஏற்ப வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். யாண்டெக்ஸ் அந்த வடிவங்களை எல்லாம் ஒரே சொல்லாகப் புரிந்துகொண்டு தேடுவதில் ஆரம்பத்திலிருந்தே கவனம் வைத்தது. சொந்த ஊரில் கூகிளுக்கு எதிராக அது நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். தமிழும் அப்படித்தானே? மதுரை, மதுரையில், மதுரைக்கு, மதுரையிலிருந்து, மதுரைக்காரர்... மனுஷனுக்கு ஒரே ஊர், பொறிக்கு அஞ்சு சொல். ஆனால் ரஷ்யர்களுக்கு வாய்த்த மாதிரி தமிழுக்கென்று ஒரு பெரிய தேடுபொறி நமக்கு வாய்க்கவில்லை. பொதுக்கடையில்தான் வாங்கியாக வேண்டும்.

இதற்கு மேல், திஸ்கி காலத்துப் பக்கங்கள் யூனிகோடுக்கு மாற்றப்படாமல் கிடந்தால், நாம் யூனிகோடில் தட்டும் சொல்லோடு அவை பொருந்தாது. வருடிப் போட்ட பழைய புத்தகங்கள், எழுத்துணரி வழியாக உரையாக மாறாதவரை உள்ளே என்ன இருக்கிறது என்று எந்தப் பொறிக்கும் சரியாகத் தெரியாது.

அதனால் நான் கடைப்பிடிப்பது இது. சரக்கு வேறு வேறாக உள்ள இரண்டு பொறிகளை உலாவியில் வைத்திருக்கிறேன்: கூகிளும் பிரேவும். தமிழில் தேடும்போது வேர்ச்சொல்லைத் தனியாகவும், "இல்", "க்கு" சேர்த்தும், எழுத்து மாற்றியும் (லண்டன், இலண்டன்) தேடுகிறேன். பழைய நூல் வேண்டுமென்றால் மதுரைத் திட்டத்துக்கும் ஈழத்து ஆவணம் என்றால் நூலகம் தளத்துக்கும் நேராகவே போய்விடுகிறேன். செத்துப்போன பக்கத்துக்கு இன்டர்நெட் ஆர்கைவ். கூகிள் தன்னிடம் சேமித்து வைத்திருந்த நகலைக் காட்டும் இணைப்பை 2024-ல் எடுத்துவிட்டதால், அதை விட்டால் வேறு பெரிய போக்கிடமும் இல்லை.

எழுதுகிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கவிதையோ சமையல் குறிப்போ, அழகாக இருக்கிறது என்று படமாக மட்டும் போடாதீர்கள். வாட்ஸப் குழுவுக்குள் மட்டும் பூட்டியும் வைக்காதீர்கள். எந்த அடைவுக்கும் அது எட்டாது. திறந்த பக்கத்தில், யூனிகோடில், எழுத்தாக எழுதுங்க. நாளைக்கு எவனோ ஒருத்தன், எந்த சாமியிடமோ தமிழில் கேட்டால், அது எடுத்துக் கொடுக்க ஏதாவது இருக்கணும் இல்லையா?

டிஸ்கி: பிரேவ்காரன் எனக்கு ஒரு பைசா கொடுக்கலை. கொடுத்தா வாங்கிக்க ஆட்சேபணை இல்லை ;-)