பொருத்தமான ஸ்கூல் ஒண்டு பாருங்க!

"உங்கட புள்ளைக்குப் பொருத்தமான ஸ்கூல் ஒண்டு பாருங்க உம்மா." ஓட்டிசம் அல்லது ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையைத் தரம் ஒன்றில் சேர்க்கப் போகிறவர்களுக்கு எங்கட கரையோரத்தில் கிடைக்கும் பதில் இது. ஏசமாட்டார்கள், விரட்டமாட்டார்கள். பிள்ளையின் நன்மைக்குச் சொல்வது போலத்தான் இருக்கும். எங்களுக்கு இந்த வசனத்தோடுதான் சண்டை.

எங்களில் ஒருத்தரின் தம்பிக்கு நடந்ததைச் சொல்றோம். ஸ்கூல் பெயர் வேணாம். முதலாம் தவணை முழுக்க உம்மா வகுப்புக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்தா. மணி அடித்தால் அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான், பிடித்து வர ஆள் வேணுமாம். இரண்டாம் தவணை "10 மணிக்கே கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். மூன்றாம் தவணை அந்த வசனம். இப்ப அவனுக்கு 13 வயசு, வாப்பாவோட வாடியில் கருவாடு பிரிக்கிறான். நல்லாத்தான் பிரிக்கிறான். ஆனா கட்டாயக் கல்வி வயசு முடிய இன்னும் மூன்று வருசம் இருக்கே?

இந்த நாட்டில் 1998 முதல் 5 வயசுக்கும் 14 வயசுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடசாலை கட்டாயம். 2016இல் அதை 16 ஆக்கினார்கள். பிள்ளையை அனுப்பாவிட்டால் குற்றம் பெற்றோர் மேல். அனுப்பினா ஸ்கூல் எடுக்காது. இந்த வேடிக்கையை யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, பொருத்தமான ஸ்கூலைத் தேடுவோம். முதலில் ஒரு கடிதம் வேணும் என்பார்கள், பிள்ளைக்கு என்ன என்று டாக்டர் எழுதித் தரணும். அதற்குக் கொழும்பு லேடி ரிட்ஜ்வேக்கோ ராகமைக்கோ போகச் சொல்வார்கள். கற்பிட்டியிலிருந்து பாலாவி, சிலாபம் தாண்டிக் கொழும்புக்கு ஏறத்தாழ 170 கிலோமீற்றர். சத்தம் தாங்காத பிள்ளையை ஹோர்ன் அடிக்கும் பஸ்ஸில் அரை நாள் கொண்டுபோய், கிளினிக் வாசலில் இன்னொரு அரை நாள் வச்சிருந்து பாருங்க. உள்ளே போனால் பேச்சுப் பயிற்சி சிங்களத்தில். வீட்டில் தமிழ் கேட்டு வளரும் பிள்ளை எந்த மொழியில் பேசப் பழகுவது? நுரைச்சோலையிலிருந்து 900 மெகாவாட் கரண்டை நாடு முழுக்க அனுப்ப முடிந்தவர்களுக்கு, தமிழ் பேசும் ஒரு சிகிச்சையாளரை இந்தப் பக்கம் அனுப்புவது அவ்வளவு பாரமா?

அடுத்தது இன்டர்நேஷனல் ஸ்கூல். சின்ன வகுப்பு, ஏசி அறை, கூடவே நிற்க ஒரு "ஷேடோ டீச்சர்", அவருடைய சம்பளமும் பெற்றோர் தலையில். கட்டக்கூடியவர்கள் கட்டட்டும். ஆனா அவை கம்பனிகளாகப் பதிவானவை, கல்வி அமைச்சின் பாடசாலைகள் அல்ல. நாளைக்கு "இவனை வச்சிருக்க ஏலாது" என்றால் எந்த வலயக் கல்வி அலுவலகத்தில் போய்க் கேட்பீங்க?

மூன்றாவது யோசனை மாமாமார் சொல்வது: "ஓதுற இடத்துல தங்க வைங்க, அடங்கிருவான்." அடங்குவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். ஏ.டி.எச்.டி. பிரம்படியில் மாறாது. அடிபட்ட பிள்ளை பயந்து அசையாமல் இருக்கும், அவ்வளவுதான். பாடசாலையில் அடிக்கக்கூடாது என்று 2005இலேயே 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்தாச்சு. பிரம்பு இன்னும் மேசையில்தான்.

டீச்சர்மாரை மட்டும் குற்றம் சொல்ல நாங்க வரவில்லை. 40 பிள்ளைகளை ஒரே அறையில் வச்சுக்கொண்டு, பயிற்சியும் இல்லாமல், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேற்றைக் கேட்டு மேலிடம் நெருக்கும்போது அவங்களும் என்ன செய்வாங்க? ஆனா அந்தக் கோபம் வலயத்துக்குப் போகணும். ஆறு வயசுப் பிள்ளைக்குப் போகக்கூடாது.

கேட்பதும் பெரிசா ஒன்றுமில்லை. மணிக்குப் பக்கத்து வகுப்பைத் தராதீங்க. ஜன்னலோரம் வேணாம், டீச்சருக்குக் கிட்ட இருக்க விடுங்க. ஐந்து வேலையை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்க. அன்றைய பாட வேளைகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்க. நடுவில் எழும்பிப் போய் தண்ணி குடிச்சிட்டு வரட்டும். இதுக்குக் கட்டடமும் வேணாம், வெளிநாட்டு நிதியும் வேணாம். விசேட கல்வி அலகுகள் கூடாது என்றும் சொல்லவில்லை, சில பிள்ளைகளுக்கு அவை வேணும். காது கேளாத பிள்ளை, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை, ஓட்டிசம் உள்ள பிள்ளை எல்லாரையும் ஒரே அறையில் விட்டு, வருசம் போனாலும் அங்கேயே வைத்திருப்பதைத்தான் வேணாம் என்கிறோம்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணம் காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது. அதன் வரைவிலக்கணம் குறுகியது, வாழ்க்கைத் தேவைகளைத் தானே நிறைவேற்ற முடியாதவர் என்கிறது. துருதுருவென்று ஓடும் ஏ.டி.எச்.டி. பிள்ளை அதற்குள் வருமா என்று வாதாடுவார்கள். வாதாடட்டும். கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிக்கு அந்த வரைவிலக்கணம் தேவையில்லை, வயசு மட்டும் போதும். வலுவிழந்தோர் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது.

ஆகவே அடுத்த முறை அந்த வசனத்தைக் கேட்டால், "எந்த ஸ்கூல், சேர்? பெயரோட எழுதித் தாங்க" என்று கேளுங்க. எழுதித் தர மறுத்தால் அன்றைய திகதியோடு நீங்களே எழுதி, புத்தளமோ சிலாபமோ உங்கட வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்க. ஒரு பிரதி மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு. கடிதம் எழுத உதவி வேணுமென்றால் நாங்க வாறோம்.