ஆற்றங்கரையில் அபாயச் சங்கு ஒலிக்கட்டும்

ஆடி பதினெட்டு நெருங்குகிறது. பவானி கூடுதுறை, கொடுமுடி, கொடிவேரி, பேரூர் நொய்யல் படித்துறை என்று கொங்கு நாட்டின் ஆற்றங்கரைகளெல்லாம் கூட்டத்தை எதிர்பார்த்து நிற்கின்றன. பல மாவட்டங்களில் அன்று உள்ளூர் விடுமுறை. ஆண்டு முழுக்க மில்லிலும் பனியன் கம்பெனியிலும் பட்டறையிலும் நின்று உழைக்கும் குடும்பங்கள், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு தண்ணீர் ஓடும் இடம் தேடிக் கிளம்பும் நாள் இது. அவர்களுக்கு அந்த ஒரு நாள் வேண்டும். ஆனால் நோன்பி முடிந்த மறுநாள் நாளிதழைப் புரட்டினால், ஆற்றில் மூழ்கியவர்களைத் தீயணைப்பு வீரர்கள் தேடும் செய்தியும் தவறாமல் வருகிறது. ஆடியில் வருகிறது, ஆயுத பூஜைக்கு வருகிறது, காணும் பொங்கலுக்கு வருகிறது. இதை விதி என்று சொல்லிக் கடந்துபோவதை இந்த ஆண்டாவது நிறுத்த வேண்டும். இவற்றில் பல சாவுகள், முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை போயிருந்தால் நடந்திருக்காதவை.

மேட்டுப்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லித்துறை, தேக்கம்பட்டி, சிறுமுகை என்று பவானியின் இரு கரையிலும் இறங்குவதற்குத் தோதான இடங்கள் பல. வெயில் காயும் பகலில் பார்த்தால் பாறைகள் வெளியே தெரியும். நடுவே முழங்கால் அளவுத் தண்ணீர். குழந்தைகள் கூட நடந்து அக்கரை போய்விடலாம் போலிருக்கும். பாறைமேல் துண்டை விரித்துச் சோற்றைப் பரிமாறுகிறார்கள். அந்தத் தண்ணீர் மேலேயுள்ள பில்லூர் அணையின் பிடியில் இருப்பது வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. அணையின் முழு உயரம் 100 அடி. நீர்மட்டம் 97 அடியைத் தொட்டால் மதகுகள் திறக்கப்படும். மதகு திறக்காத நாளிலும் மின் உற்பத்திக்காக எந்திரங்களை இயக்கினால் விநாடிக்கு 6 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் ஆற்றில் இறங்கும். நீலகிரியிலும் கேரளப் பகுதியிலும் பெய்த மழை அணையை நிரப்பியிருக்கும். மேட்டுப்பாளையத்தில் ஒரு தூறல்கூட இருக்காது. வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்கும் பழைய அறிவு இங்கே உதவாது. தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வருவதைப் பார்த்ததுமே உள்ளூர்க்காரர் கரையேறிவிடுவார். கோவையிலிருந்து வந்த பையன் செல்பி எடுத்துக்கொண்டிருப்பான்.

உபரிநீர் திறக்கும்போது வருவாய்த் துறையும் காவல் துறையும் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுகின்றன என்பது உண்மை. அது கரையோரத்தில் குடியிருப்பவர்களுக்கு எட்டுகிறது. மின் உற்பத்திக்காக அன்றாடம் வரும் தண்ணீரைப் பற்றி, தோப்புக்குள் வண்டியை நிறுத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஆற்றுக்கு இறங்கியவருக்கு யார் சொல்வது?

இதன் விலை என்ன என்பதை நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, லார்ஜி நீர்மின் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் அடித்துச் சென்றது. அந்த மாநில உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மின் வாரியத்தையும் கல்லூரியையும் பொறுப்பாக்கி, குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்க வைத்தது. எச்சரிக்காமல் தண்ணீர் விடுவது பிழை என்று சட்டத்தின் முன் நிலைநாட்டப்பட்ட பிறகும், அணைக்குக் கீழே உள்ள நம் கரைகள் இன்னும் ஊமையாகவே கிடக்கின்றன.

அணை ஒன்றுதான் காரணம் என்று சொல்லவில்லை. 2023 அக்டோபரில், ஆயுத பூஜை விடுமுறைக்குச் சில நாள் முன்னால், வால்பாறைக்குச் சுற்றுலா போன கோவை மாவட்டக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் சோலையாறு பகுதி ஆற்றில் ஒரே நாளில் இறந்தார்கள். 2025 ஏப்ரலில் சென்னையிலிருந்து வந்த மாணவர் மூவரை ஆழியாறு கொண்டுபோனது. இத்தகைய சாவுகளில் திரும்பத் திரும்ப நடப்பது ஒன்றுதான். ஒருவன் பாசியில் வழுக்கிக் கசத்துக்குள் போகிறான். காப்பாற்ற அடுத்தவன் இறங்குகிறான். அவனைப் பிடிக்க மூன்றாமவன். வீசியெறிய ஒரு கயிறு கரையில் இருந்திருந்தால் ஒருவரோடு நின்றிருக்கும், அல்லது ஒருவரும் போயிருக்க மாட்டார்கள்.

நீச்சல் தெரியாத தலைமுறை ஒன்று வளர்ந்து நிற்கிறது என்பதையும் பேசியாக வேண்டும். ஒரு காலத்தில் கொங்குத் தோட்டங்களில் கல்கட்டுக் கிணறு இல்லாத குடும்பம் குறைவு. இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார் மாமாவோ சித்தப்பாவோ. நாலு நாளில் பிள்ளை நீந்திவிடும். நிலத்தடி நீர் ஆயிரம் அடிக்குக் கீழே போய், போர்வெல் வந்து, கிணறுகள் தூர்ந்தன. அந்தப் பள்ளிக்கூடமும் அதோடு மூடிக்கொண்டது. கிணற்றில் பழகியவருக்கே ஆற்றின் இழுப்பு புதிது. கிணறே பார்க்காதவரை நீரோட்டத்தில் இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கிறோம். இதோடு மதுவும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. கரையில் உடைந்து கிடக்கும் பாட்டில்களே சாட்சி.

தடுக்க முடியாத காரியமா இது? இல்லை. ஒகேனக்கல்லில் பிலிகுண்டுலுவில் எடுக்கும் நீர்வரத்து அளவீட்டைப் பார்த்தே பரிசலும் குளியலும் தடை செய்யப்படுகின்றன. எத்தனை ஆயிரம் கன அடி வருகிறது என்பது அங்கே பரிசல் ஓட்டிக்கும் தெரியும், பயணிக்கும் தெரியும். கொடிவேரியில் தண்ணீர் கூடினால் நீர்வளத் துறை கதவை மூடிவிடுகிறது. கோவை குற்றாலத்தில் வனத்துறை அதையே செய்கிறது. திருமூர்த்திமலை பஞ்சலிங்க அருவியில் 2008 மே மாதத் திடீர் வெள்ளம் பல உயிர்களைக் குடித்தது. மேலே மழை என்றால் இன்று அருவிக்குப் போகும் வழி அடைக்கப்படுகிறது. டிக்கெட் கொடுக்கும் இடங்களில் ஓரளவு காவல் உண்டு. டிக்கெட் இல்லாத கரைகளுக்குத்தான் நாதியில்லை. யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் 'யாருக்கும் தெரியாத இடம்' என்று போட்டு ஜனங்களை அனுப்புவதும் அந்தக் கரைகளுக்குத்தான்.

மேட்டுப்பாளையத்தில் மாவட்டக் காவல் துறை உயிர்காப்புக் குழு ஒன்றை அமைத்தது. நல்ல தொடக்கம். அதை ஒரு அதிகாரியின் ஆர்வத்தோடு விட்டுவிடாமல், பணியிடமும் சம்பளமும் படகும் கொண்ட நிரந்தர ஏற்பாடாக்க வேண்டும். பவானியில் மட்டுமல்ல, ஆழியாற்றிலும் அமராவதியிலும் வேண்டும். இன்று நடுஆற்றில் சிக்கியவரை முதலில் தூக்குவது பெரும்பாலும் உள்ளூர் மீனவர்களும் பரிசல்காரர்களும்தான். அவர்களுக்குப் பயிற்சியும் காப்பீடும் விடுமுறை நாள் கூலியும் கொடுத்து இந்தக் குழுவில் சேர்ப்பதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, பில்லூர் முதல் சிறுமுகை வரை மக்கள் இறங்கும் ஒவ்வொரு துறையிலும் அபாயச் சங்கு பொருத்துவது. மதகுக்கானாலும் எந்திரத்துக்கானாலும், தண்ணீர் விடும் முன் அது ஊத வேண்டும். அன்று எத்தனை மணிக்குத் தண்ணீர் விடப்படும் என்பதை மின் வாரியம் காலையிலேயே அறிவித்து, அந்தப் பகுதியில் இருக்கும் கைபேசிகளுக்கெல்லாம் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். விடுமுறை நாட்களில் முதலில் கொஞ்சம் தண்ணீரை விட்டு, ஆற்றில் நிற்பவர்கள் கரையேற நேரம் கொடுத்து, பிறகு கூட்ட வேண்டும். கசமும் மணல் அள்ளிய குழியும் சேறும் இருக்கும் இடங்களைக் குறித்து, அங்கே எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணிக்கையோடு பலகை வைக்க வேண்டும். 'ஆழமான பகுதி' என்ற துருப்பிடித்த பலகைக்கு யாரும் பயப்படுவதில்லை. ஒவ்வொரு பலகையின் கீழும் ஒரு கயிறும் மிதவையும் தொங்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவை ஏற்கும் சக்தி கரையோரச் சிறு ஊராட்சிகளுக்கு இல்லை. கூட்டத்தால் வரும் குப்பையும் நெரிசலும் அவர்கள் தலையில். ஆகவே நிதியை மாநில அரசு தர வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 35 ஆயிரத்துக்கும் மேல். ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. ஆடி பதினெட்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னால் வரும் அந்த நாளில் கோவை, ஈரோடு, திருப்பூர் ஆட்சியர்கள் மின் வாரியத்தையும் நீர்வளத் துறையையும் காவல் துறையையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, எந்தக் கரைக்கு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி எழுதி வெளியிட வேண்டும். இந்த ஆடியில் ஒரு உயிர் போனாலும், அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் கேள்வி கேட்போம்.